சன்யால் ஸார் சந்தேஷ் சாப்பிட்ட நாள்

எங்கள் கல்கத்தா பவானிபூர் வீட்டு மாடியில் நித்யா என்று ஒரு பெண் குடியிருக்கிறாள். கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. கம்பெனியில் வேலை. மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் கையில் போனோடு கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் எங்கள் வட்டாரத்தின் வரைபடம். பள்ளிக்கூடம் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி. நன்றாகத் தேர்ச்சி காட்டும் பள்ளி பச்சை, சுமாரானது மஞ்சள், மோசமானது சிவப்பு.

“ஆன்ட்டி, இந்தக் காளிகாட் பக்கம் பாருங்க, ஒரே செவப்பா இருக்குது. அங்கெல்லாம் பசங்க படிக்கவே மாட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள் மேல் தப்பில்லை, பாவம், கண்ணில் பட்டதைச் சொன்னாள். ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் நுழைந்து நுழைந்து என் செருப்புகள் தேய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் எனக்கு ஒரு வாசனை தெரியும், ஒரு தலைமையாசிரியரின் இருமல் தெரியும். “காபி போடுறேன், குடிச்சிட்டுப் போ. ஒரு சிவப்புப் புள்ளியோட கதை சொல்றேன்” என்றேன். அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

என் தாத்தா தஞ்சாவூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாகக் கல்கத்தா வந்தவர். அப்பா வங்கி அதிகாரி. நானும் வங்கிக்குப் போவேன் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் அரசுத் தேர்வு எழுதிப் பள்ளிகளின் சப்-இன்ஸ்பெக்டர் ஆனேன். “ஊர்ப் பள்ளிக்கூடமெல்லாம் சுத்தறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தோம், தேநீர் குடித்தோம், தேர்வு எழுதினோம். வேலையை நான் கற்றது அதற்கப்புறம்தான். கடைசியில் மாவட்ட ஆய்வாளர் அலுவலகத்தில், அதற்கு மேல்படியான அசிஸ்டென்ட் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். அதற்குள் கோமதி என்ற என் பெயரை வங்காளிகள் உருட்டி உருட்டி ‘கோமோதி தீ’ ஆக்கிவிட்டார்கள், ‘தீ’ என்றால் அக்கா. வீட்டுக்கு வெளியே வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பது சந்தேகம்தான்.

எங்கள் பொறுப்பில் இருந்தவை அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகள். பெரும்பாலும் வங்காள வழி, சில இந்தி வழி, ஒன்றிரண்டு உருது வழி. ஒரு காலத்தில் வக்கீல் மகனும் வண்டிக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளிகள் அவை. நான் வேலைக்கு வந்தபோதே வக்கீல் மகன்கள் ஆங்கிலப் பள்ளிகளுக்கு நகரத் தொடங்கிவிட்டார்கள். பிறகு குமாஸ்தா மகன்கள் போனார்கள். கடைசியில் யாருக்கு வேறு வழியில்லையோ அவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள், கரியாஹாட் நடைபாதையில் துணி விற்பவர்களின் பிள்ளைகள், காளிகாட் சந்துகளில் பூக்கட்டுகிறவர்களின் பிள்ளைகள். வகுப்பறைகளும் தேர்வுத் தாளும் பழையபடியேதான் இருந்தன. அதற்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வேறு.

இதை எனக்குக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாவட்ட ஆய்வாளர் சன்யால் ஸார். ஒல்லியான மனிதர். வெயிலோ மழையோ, கையில் மடித்த குடை. அலுவலகத்தில் அவர் குரலைக் கேட்பதே அபூர்வம். ஆய்வுக்குப் போகும் நாளில் மணியடிப்பதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுவார். உள்ளே போகமாட்டார். வாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருக்குமே, எல்லாப் பள்ளிக்கும் எதிரே ஒன்று இருக்கும், அங்கே மண்குவளைத் தேநீரோடு நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் தடவை, “யாரையாவது எதிர்பார்க்கிறீங்களா ஸார்?” என்று கேட்டுவிட்டேன்.

“எல்லாரையும்” என்றார்.

யார் தனியாக வருகிறாள், யார் தம்பியை இடுப்பில் சுமந்துவந்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடுகிறாள், யார் ஈரத் தலையோடு வருகிறாள், வகுப்பாசிரியர் ரிக்ஷாவிலிருந்து இறங்குவது மணிக்கு முன்பா பின்பா, எல்லாம் பார்ப்பார். மணியடித்த பிறகுதான் உள்ளே போவார். போனதும் நேராகப் பிள்ளைகள் குடிக்கும் குழாயில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். எனக்கும் ஒரு தம்ளர் நீட்டுவார். வயிற்றுப்போக்கு வந்தால் அது அலுவல் சார்ந்த வயிற்றுப்போக்கு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு பழக்கம் என்னை வதைத்தது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறையில் ஆளுக்கொரு தட்டு வந்து உட்காரும். இரண்டு சந்தேஷ், ஒரு ஷிங்காரா. சந்தேஷ் பால் இனிப்பு, ஷிங்காரா வங்காளத்துச் சமோசா. கல்கத்தாவில் இந்தத் தட்டு இல்லாமல் எந்த அரசு வேலையும் நடக்காது. பால்கோவாவையும் மறக்கடிக்கும் சந்தேஷ்கள், சில பள்ளிகளில். சன்யால் ஸார் தட்டைத் தொடமாட்டார். “முதல்ல வேலை முடியட்டும்” என்பார். பிறகு வகுப்புகளைப் பார்ப்பார், கழிவறையைப் பார்ப்பார், பேசுவார், குறிப்பெழுதுவார், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிளம்பும்போது தலைமையாசிரியர் தட்டைக் காட்டினால், “இங்கே வேலை இன்னும் முடியலையே” என்பார். மேலதிகாரி சாப்பிடாதபோது நான் எப்படிச் சாப்பிட முடியும்? அந்த ஆண்டுகளில் நான் இழந்த சந்தேஷ்களை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பச்சையும் சிவப்பும் எப்படி உண்டாகின்றன என்று நித்யாவுக்குத் தெரியாது, பலருக்கும் தெரியாது. இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாத்யமிக். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒவ்வொரு பள்ளியும் தானே ஒரு தேர்வு வைக்கும். அதன் பெயர் ‘டெஸ்ட்’. டெஸ்டில் தேறியவர்களைத்தான் மாத்யமிக் எழுத அனுப்புவார்கள். அதற்கு ‘அலாவ்’ என்று பெயர். அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் தெருவில் பார்க்கும் தாய்மார்கள் ஒருவரையொருவர் கேட்பது, “உன் பொண்ணு அலாவ் ஆயிட்டாளா?” என்பதுதான். தேர்ச்சி விகிதம் கணக்கிடுவது மாத்யமிக் எழுதியவர்களை வைத்து. ஆகவே படிப்பில் மெலிந்தவர்களை டெஸ்டிலேயே நிறுத்திவிட்டால் பள்ளி பச்சையாகிவிடும். இது ஊரறிந்த சங்கதி, இதில் ரகசியம் எதுவும் இல்லை. நல்ல பெயர் வாங்கிய பல பள்ளிகள் இப்படித்தான் நல்ல பெயர் வாங்கின.

காளிகாட் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதன் தலைமையாசிரியை மாளபிகா. இங்கே பெண்கள் பள்ளித் தலைமையாசிரியையைப் ‘பொர்தி’ என்பார்கள், பெரியக்கா என்று அர்த்தம். குழந்தைகளுக்கும் பொர்தி, ஆசிரியைகளுக்கும் பொர்தி, சன்யால் ஸாருக்கும் பொர்திதான். குள்ளமான, கனத்த பெண்மணி. கைத்தறிச் சேலையில் எப்போதும் சாக்பீஸ் தூள். பேச்சில் யாருக்கும் பயப்படமாட்டார்.

அந்தப் பள்ளிப் பெண்கள் பாதிப்பேர் பூக்கட்டும் குடும்பம். காளிக்குச் செம்பருத்தி மாலை. விடிவதற்குள் தொடங்கி வீட்டில் எல்லோரும் கட்ட வேண்டும். செவ்வாய், சனி அம்மனுக்கு உகந்த நாள், கூட்டம் அம்மும், மாலை எவ்வளவு கட்டினாலும் போதாது. அந்த நாட்களில் பெண்கள் விரல் நுனியெல்லாம் செம்பருத்திச் சாற்றின் ஊதாக் கறையோடு, மூச்சிரைக்க, மணியடித்து வெகுநேரம் கழித்துத்தான் வருவார்கள். மற்ற பள்ளிகளில் மணியடித்ததும் கேட்டைப் பூட்டுவார்கள். பொர்தி செவ்வாயும் சனியும் பூட்டமாட்டார். கணக்குப் பாடத்தை அந்த நாட்களில் கடைசிக்குத் தள்ளியிருந்தார். முதல் பாடம் பாட்டு, வரைதல், கைவேலை என்று ஏதாவது இருக்கும். எந்த விதிப் புத்தகத்திலும் இப்படி ஒரு கால அட்டவணை கிடையாது.

இன்னொன்றும் செய்தார். டெஸ்டில் யாரையும் நிறுத்தமாட்டார். பத்தாம் வகுப்பு வரை வந்த எல்லோரையும் மாத்யமிக் எழுத அனுப்புவார். அதனால் அவர் பள்ளித் தேர்ச்சி விகிதம் எங்கள் அட்டவணையின் அடியிலேயே கிடக்கும்.

ஒரு வருடம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் குறைந்து, தேர்ச்சியும் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட வேண்டும் என்று. பொர்தியின் பள்ளி முதல் வரிசையில் நின்றது. இணைந்தால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்குப் போக வேண்டும். அது கண்டிப்பான பள்ளி, மணியடித்தால் கேட் பூட்டு. செவ்வாயும் சனியும் இந்தப் பெண்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். வாரத்தில் இரண்டு நாள் வெளியே நிற்கும் பெண்ணை வீட்டில் எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்புவார்கள்?

சன்யால் ஸாருக்கு அந்தப் பள்ளியைக் காப்பாற்ற வேண்டும் என்று இருந்தது. மேலிடத்தில் பேசிப் பார்த்தார். இந்த ஒரு வருடம் தேர்ச்சி விகிதம் ஏறினால் பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்று அவர்கள் இறங்கிவந்தார்கள். டெஸ்ட் முடிந்திருந்த நேரம். நாங்கள் இருவரும் பொர்தியின் அறையில் போய் உட்கார்ந்தோம். சந்தேஷ் தட்டு வந்தது. அவர் தொடவில்லை.

“பொர்தி, இந்த ஒரு தடவை. டெஸ்டில் ரொம்பப் பின்தங்கினவங்களை நிறுத்திடுங்க. அடுத்த வருஷம் எழுதட்டும். விகிதம் ஏறிடும், பள்ளி தப்பிச்சிடும்.”

பொர்தி சிரித்தார். “நீங்களா ஸார் இதைச் சொல்றீங்க?”

“வேற வழி தெரியலை.”

“அடுத்த வருஷம் அவங்க இருக்கமாட்டாங்க. அலாவ் ஆகலைன்னு தெரிஞ்ச அன்னிக்கே வீட்டுல மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

நான் குறுக்கே புகுந்தேன். நான் ஸார் கட்சி. “பொர்தி, கொஞ்சம் பேருக்காக மொத்தப் பள்ளியையும் விட்டுக்கொடுப்பீங்களா? இனிமே வரப்போற பொண்ணுங்க கதி என்ன?” என்றேன். அன்று கேட்டதை இன்றும் தப்பான கேள்வி என்று சொல்லமாட்டேன். அது கேட்க வேண்டிய கேள்விதான்.

பொர்தி என் பக்கம் திரும்பாமல் சன்யால் ஸாரைப் பார்த்து, “எங்க பள்ளியில அலாவ் ஆனவங்க பேரை போர்டுல ஒட்டறதில்லை, ஸார். அம்மாக்கள் நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. முற்றத்துல கூப்பிட்டு வெச்சு சத்தமா வாசிப்போம். இந்த வருஷம் நீங்களே வந்து வாசிங்க. யார் பேரை விடணுமோ விட்டுடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்” என்றார்.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. மாவட்ட ஆய்வாளரைக் கூப்பிட்டுப் பெயர் வாசிக்கச் சொல்கிறாளே, என்ன திமிர் என்று நினைத்தேன். சன்யால் ஸார் குடையின் கைப்பிடியைத் தடவினார். “சரி, வர்றேன்” என்றார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வழக்கப்படி எதிர்க் கடையில் தேநீரோடு நின்றோம். பெண்கள் ஓடிவந்தார்கள். கூடவே அம்மாக்கள், மாலைக் கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி. பாப்பியா என்ற பெண் எனக்கு முன்பே தெரியும். வகுப்பில் வருகைப் பட்டியலின் கடைசிப் பெயர். டெஸ்டிலும் அவள்தான் கடைசி. கணக்கில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை வெளியே சொல்ல முடியாது. அவளும் அவள் அம்மாவும் எல்லோருக்கும் பின்னால் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவது போல உள்ளே போனார்கள்.

மணியடித்தது. உள்ளே போனோம். சன்யால் ஸார் தண்ணீர் குடித்தார். முற்றத்தில் பெண்கள் ஒரு பக்கம், அம்மாக்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பொர்தி சொன்னபடியே ஒரு தூணோரம் ஒதுங்கிக்கொண்டார். ஸார் கையில் பெயர்த் தாள். நிறுத்த வேண்டிய பெயர்களுக்கு எதிரே முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பென்சிலால் குறி போட்டிருந்தோம். குறி போட்டது என் கை.

அவர் வாசிக்கத் தொடங்கினார். அலுவலகத்தில் கேட்டே பழகாத குரல், முற்றத்தில் தெளிவாகக் கேட்டது. ஒரு பெயர் வாசித்ததும் அந்தப் பெண்ணின் தோளை அவள் அம்மா பிடித்துக்கொள்வாள். அடுத்த பெயர். அதற்கடுத்த பெயர். பென்சில் குறி இருந்த முதல் பெயருக்கு வந்தார். எனக்கு அது தெரியும், தாள் மனதில் இருந்தது. அவர் நிறுத்தினார். தலையை நிமிர்த்தி அம்மாக்கள் பக்கம் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். அந்தப் பெயரை வாசித்தார்.

தவறிப்போய் வாசித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த குறியையும் வாசித்தார். அதற்கடுத்ததையும். ஒரு பெயரையும் விடவில்லை. பாப்பியாவின் பெயரைக் கடைசியாக வாசித்தார். அவள் தனக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம், இந்த மனுஷர் ஒரு பள்ளியைத் தொலைத்துவிட்டாரே என்று கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

பொர்தியின் அறைக்கு வந்தோம். மேஜையில் ஆளுக்கொரு தட்டு இருந்தது. இரண்டு சந்தேஷ், ஒரு ஷிங்காரா. சன்யால் ஸார் குடையை நாற்காலியில் சாய்த்தார். தன் தட்டைப் பக்கத்தில் இழுத்தார். ஒரு சந்தேஷை எடுத்து, பாதியாகப் பிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன். அத்தனை வருடங்களில் ஒரு பள்ளியிலும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பொர்தியும் பார்த்ததில்லை. இங்கே வேலை முடிந்துவிட்டது என்று அவர் வாயால் சொல்லவில்லை. பொர்திக்குப் புரிந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்குவது தெரிந்தது. ஸார் அவசரப்படாமல் இரண்டு சந்தேஷையும் சாப்பிட்டு முடித்தார். “நல்ல சந்தேஷ், பொர்தி” என்றார். என் தட்டில் இருந்ததை நான் தொடவில்லை. அன்றைக்கு எனக்கு யாரும் தடை போடவில்லை, ஆனாலும் இறங்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் ஸார்? அவ்வளவு பேசிட்டுத்தானே வந்தோம்?”

“அந்த அம்மாக்கள் என் வாயையே பார்த்துட்டு இருந்தாங்க, கோமோதி” என்றார். அதற்கு மேல் அந்த விஷயத்தை அவர் என்னிடம் பேசியதே இல்லை.

பிறகு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வருடம் எல்லோரும் எழுதினார்கள். பலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. விகிதம் ஏறவில்லை. இணைப்பு உத்தரவு வந்தது. தடுக்க முடியாது என்று தெரிந்தும் சன்யால் ஸார் நீண்ட குறிப்பு ஒன்று எழுதி அனுப்பினார், பதில் வரவில்லை. பொர்தி சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்குச் சாதாரண ஆசிரியையாகப் போனார். அங்கே அவர் கேட்டு வாங்கிய வேலை ஒன்றே ஒன்று. செவ்வாயும் சனியும் வாசல் பொறுப்பு. மற்ற ஆசிரியைகள் மூக்கைச் சுளிக்கும் வேலை அது. மணியடித்த பிறகும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஊதாக் கறை விரல்கள் எல்லாம் உள்ளே வரும்வரை பொர்தி கேட்டருகே நிற்பாராம். ஓய்வு பெறும்வரை அப்படி நின்றார். சில பெண்கள் அப்படியும் பள்ளியை விட்டு நின்றுபோனார்கள். எத்தனை பேர் என்று நான் தேடிப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

யார் செய்தது சரி? எனக்கு இன்றும் தெரியாது. பள்ளி இருந்திருந்தால் பின்னால் வந்த பெண்களுக்கு நல்லது. பெயர்களை விட்டிருந்தால் அந்தச் சிலருக்கு அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. சன்யால் ஸாருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்தது முற்றத்தில் நின்ற முகங்கள் மட்டும்தான்.

காபி ஆறிப்போயிருந்தது. நித்யா போனை எடுத்து வரைபடத்தைப் பெரிதாக்கித் தேடினாள். “ஆன்ட்டி, அந்த ஸ்கூலு இதுல எங்கீங்க இருக்குது?”

“இருக்காதும்மா. மூடின பள்ளிக்குப் புள்ளி கிடையாது.”

“அந்தப் பாப்பியா என்னங்க ஆனா?”

அவள் கலெக்டர் ஆனாள் என்று சொன்னால் எல்லோருக்கும் திருப்தியாக இருக்கும். பாப்பியா அந்த வருடம் கணக்கில் தோற்றாள். மறுபடி எழுதித் தேறினாள். பிறகு கல்யாணம், பிறகு அம்மாவின் பூக்கடை. காளிகாட்டில் இப்போதும் அவளிடம்தான் நான் செவ்வாய்க்கிழமை மாலை வாங்குகிறேன். அவள் மகள் ஒன்பதாம் வகுப்பு, சாலைக்கு அந்தப் பக்கம். ஒரு நாள் நான் அவளிடம் கேட்டேன், “ஏண்டி, அந்தத் தேர்வு உனக்கு எதுக்காவது உதவிச்சா?” என்று. வாய்க்கொழுப்புதான் எனக்கு.

பாப்பியா மாலையை இலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: “தேர்வை விடுங்க தீதி. அன்னிக்கு முற்றத்துல அத்தனை பேர் முன்னாடி அந்த ஐயா என் பேரை வாசிச்சாரே. எங்கம்மா சாகிற வரைக்கும் கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லிட்டிருந்தா.”